எந்த வலிக்கு

ஒரு பக்கக் கன்னத்தை மழித்து முடித்ததும் சலூன்காரர் ஒரு தாளை வாடிக்கையாளரிடம் நீட்டினார். அவருடைய மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த மெல்லிய தாள். எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல இருந்தன. நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். யாருக்கு எதைப் படித்துச் சொல்வதென்றாலும் அவருக்கு உற்சாகம்தான். நுரை படாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"இது மனச்சோர்வுக்குக் குடுக்கிற மாத்திரைன்னு போட்டிருக்கே."

சொல்லிவிட்டு, சலூன்காரர் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். மறு கன்னம் முடியும்வரை மனிதர் மூச்சே விடவில்லை. தாளில் இன்னும் எத்தனையோ வரிகள் இருந்தன. அவற்றை இருவரும் படிக்கவில்லை.

சலூன்காரருக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. வேலையோ நாள் முழுக்க நிற்கிற வேலை. இரண்டு வருடமாக உள்ளங்கால் தணலில் வைத்ததுபோல் எரிந்தது; வேட்டி நுனி உரசினாலும் ஊசியாகக் குத்தியது. இரண்டு மாதத்துக்கு முன் காலுக்கென்று டாக்டரிடம் போனவருக்கு மனசுக்கு எதற்கு மாத்திரை? அன்று டாக்டர் தன்னைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க அனுப்பியபோது மனைவி உள்ளேயே உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். மருந்துச் சீட்டும் அதற்குள் எழுதித் தயாராக இருந்தது. வலியெல்லாம் ஒன்றுமில்லை, மண்டைக்குள்தான் கோளாறு என்று இவள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் எதைப் பார்த்தாலும் உள்ளே ஒன்று உறுத்தியது. அவள் மாத்திரையை எடுத்துத் தருவது, விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பது, மகளிடம் போனில் மெதுவாகப் பேசுவது எல்லாவற்றுக்கும் ஓர் அர்த்தம் கிடைத்தது. மூன்று நாள் வாயில் போடுவதுபோல் காட்டிவிட்டு மாத்திரையைச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டார்.

நான்காம் நாள் காலை தலையைத் திருப்பியதும் மண்டைக்குள் சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார். எரிச்சலும் பழையபடி ஏறியிருந்தது. இடையில் கொஞ்சம் தணிந்திருந்தது என்பதே அப்போதுதான் புரிந்தது. கத்தியைத் தொடப் பயந்து, கடையைப் பூட்டிவிட்டு மருந்துக்கடைக்குப் போனார்.

அங்கிருந்த பெண் நடந்ததைக் கேட்டும் அவரைத் திட்டவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்து, டாக்டரிடம் போனில் கேட்டு, இன்றே மறுபடி ஆரம்பிக்கச் சொன்னாள். இனிமேல் தானாக நிறுத்தக் கூடாது, நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் என்றாள். மாத்திரை ஒன்றுதான், வேலை இரண்டு என்று விளக்கினாள். கெட்டுப்போன நரம்பு சும்மாவே எரிகிறது, எரிகிறது என்று மேலே சேதி அனுப்பிக்கொண்டிருக்குமாம். மனதைத் தாங்குகிற அதே ரசாயனங்கள்தான் முதுகுத்தண்டில் அந்தச் சேதியை அமுக்கவும் உதவுமாம். சில வாரம் ஆகும், எல்லோருக்கும் கேட்கும் என்றும் சொல்ல முடியாதாம்.

"அப்ப என் வலி நெசந்தானா?"

"நெசமில்லாட்டி சீட்டுல கால் நரம்புன்னு ஏன் எழுதப் போறாங்க?"

வீட்டுக்கு வந்து மூன்று மாத்திரைகளையும் மேசைமேல் வைத்தார். மனைவி அவற்றை எண்ணிப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் ரத்தம் குடுக்கப் போனப்ப டாக்டர்கிட்ட என்ன சொன்ன?"

"குழாயைத் திறந்து விட்டுட்டு நீங்க குளிக்கிற எடத்துல அழறதச் சொன்னேன்."

தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"சீட்டு எழுதினது அதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடிதான்னு நெனைக்கிறேன்."

அந்த 'நெனைக்கிறேன்' அவரை விடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினார்.

அவள் தரையில் உட்கார்ந்து அவர் காலை நோக்கிக் கை நீட்டினாள்.

"எங்கதான் எரியுது? காட்டுங்களேன்."

அவர் காலை இழுத்துக்கொண்டார். தொட்டால் தாங்காது. டம்ளரில் விரலை நனைத்து மேசைமேல் ஒரு பாதத்தை வரைந்தார். குதிகாலுக்கு முன்னால் ஓரிடத்தில் அழுத்தினார், பிறகு பெருவிரலடியில். அவள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். அவர் அடுத்த பாதத்தை வரையத் தொடங்கியபோது, முதல் பாதத்தின் விரல்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன.