மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி

வரன் குறிப்பில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெயர் வெங்கிடேஷ், வீடு வலியசாலை, பூர்வீகம் நாஞ்சில்நாடு. நட்சத்திரம் பொருந்தியிருந்தது, உயரம்கூடப் பொருந்தியிருந்தது. உத்தியோகம் என்ற இடத்தில் மட்டும் 'ஃப்ரீலான்ஸ் டிசைனர்' என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரி பகவதிப்பெருமாளை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே லாரி கம்பெனியில், ஒரே மேஜைக்குப் பின்னால், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற மனிதர் அவர். வேலை என்றால் அவருக்கு அந்த நாற்காலிதான். லீவில் போனாலும் துண்டைப் போட்டுவிட்டுப் போகலாம், திரும்பி வந்தால் அங்கேயே இருக்கும். அப்படி ஒன்று இல்லாதவன் காலையில் எழுந்து எங்கே போவான், எதன்மேல் உட்காருவான் என்று யோசித்து அவருக்கு மண்டை காய்ந்துவிட்டது.

ஒதுக்கித் தள்ளிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மகள் திவ்யலட்சுமி சரி என்று சொல்லிவிட்டாள். இதுவரை வந்த வரன்களின் போட்டோவைக்கூட முழுசாகப் பார்க்காத பெண், இதைப் பார்த்ததும் "எனக்குச் சம்மதம்ப்பா" என்று டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு டெக்னோபார்க் கம்ப்யூட்டர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள். முப்பதைத் தொடப்போகிற பெண் முதல்முறையாகச் சரி என்கிறாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சரி என்றுதான் எப்படிச் சொல்வது? இன்று சாயங்காலம் பதில் கேட்டுப் பையனின் அப்பா போன் பண்ணுவார்.

"விட்டத்தப் பாத்துக்கிட்டு இருந்தா பதில் விழுமா?" என்றாள் மனைவி உலகம்மை. "கிழக்கேகோட்டை துணிக்கடைக்கெல்லாம் விளம்பரம் செய்யது அவன்தான்னு தரகர் சொன்னாருல்லா. ஒரு நடை போயி விசாரிச்சுக்கிட்டு வாருங்க. பொண்ணப் பெத்தவன் விசாரிச்சா யாரும் கொறவா நெனைக்க மாட்டாவ."

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆவணி பிறந்தாயிற்று, ஓணம் நெருங்குகிறது. கிழக்கேகோட்டையில் கால்வைக்க இடமில்லை. அருமைநாயகத்தின் ஜவுளிக்கடைக்குள் கூட்டத்தோடு கூட்டமாக அவரும் தள்ளப்பட்டு, கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார். அருமைநாயகம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வியாபாரத்தில் கில்லாடி, சத்தம் போடாமல் பேசத் தெரியாதவர்.

"வெங்கிடேஷா? நம்ம பையன்லா!" என்றார். "வாசல்ல தூக்கிக் கட்டியிருக்க போர்டு, போன்ல வருத வீடியோ, எல்லாம் அவன் கைதான்."

பகவதிப்பெருமாளுக்குப் பாதி உயிர் வந்தது. "சந்தோஷம். அவரு நாற்காலி எது?"

"நாற்காலியா?"

"உக்காருத இடம்."

எங்கேயாவது இருந்தாலும் இருக்கும் என்பதுபோல அருமைநாயகம் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "அப்படி ஒண்ணு கிடையாதே அண்ணாச்சி. ஓணத்துக்கு வருவான், கல்யாண சீசனுக்கு வருவான். கர்க்கடகத்துல, நம்ம ஆடியில, நானே ஈ ஓட்டுதேன், அப்ப அவன வச்சு என்ன செய்ய? மடிச்ச துணியத் திருப்பி மடிக்கச் சொல்லவா? பில்லு போடுத பிள்ளைகள் கதை வேற. அதுவ தெனமும் வேணும். சனம் அதுவ முகத்தப் பாத்துத்தான் வருது. அதுவளுக்குச் சம்பளம், ஓணக்கோடித் துணி, எல்லாம் உண்டு."

"அப்ப வெங்கிடேஷ் உங்ககிட்ட வேலை பாக்கல."

"பாக்கான்."

"உங்க ஆளு."

"அப்படிச் சொல்ல முடியாது."

"நம்ம பையன்னு சொன்னீங்களே?"

"நம்ம பையன்தான்யா!" என்றார் அருமைநாயகம். அவருக்கே லேசாகக் கோபம் வந்துவிட்டது. "சந்தேகம்னா பக்கத்துச் சந்துல மாடியில ஷிஜான்னு ஒரு அம்மா இருக்கு. அதுக்கும் அவன்தான் செய்யான். அங்க கேளுங்க."

ஷிஜா கல்லாற்றின் கரையில் டூரிஸ்டுகளுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறவள். அதன் புக்கிங் ஆபீஸ்தான் அந்த மாடி. பகவதிப்பெருமாள் மூச்சிரைக்க மேலே ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது ஜன்னலோரம் கிடந்த ஒரு காலி நாற்காலி. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இது வெங்கிடேஷோட நாற்காலியா?"

"அய்யோ, இல்ல அங்கிள். அது எழுதுற பொண்ணோடது. அவன் படம் செய்வான், அவ அதுக்கு எழுதுவா. இப்ப இவிடெதான் இருந்தா, எவிடெ போனாளோ." ஷிஜா பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினாள்.

"அந்தப் பொண்ணு உங்க ஸ்டாஃபா?"

"அல்ல. அவளும் ஃப்ரீலான்ஸ் தன்னெ. உக்காந்து எழுத ஒரு இடம் வேணும்னு சொன்னா, நான் கசேரை கொடுத்தேன். அத்ரயே உள்ளூ, வேற ஒண்ணுமில்ல."

பகவதிப்பெருமாள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். வேலை பார்க்கிறவனுக்கு நாற்காலி இல்லை. நாற்காலி இருக்கிறவள் வேலையில் இல்லை. இதில் எதை எதோடு சேர்ப்பது? ஜன்னலோர நாற்காலிக்கு முன்னாலிருந்த மேஜையில் நீல ரப்பர் பேண்ட் போட்ட டிபன் டப்பா ஒன்று இருந்தது. மூடி லூசான டப்பா எல்லார் வீட்டிலும் இருக்கும்போலிருக்கிறது என்று அந்தக் குழப்பத்திலும் அவருக்குத் தோன்றியது.

"முன்ன பெர்மனென்டா ஒரு ஆள வச்சிருந்தேன் அங்கிள்," என்றாள் ஷிஜா. "காலையில வந்து, 'மேடம், இன்னைக்கு எந்தா வேலை'ன்னு நிப்பான். அவனுக்கு வேலை கண்டுபிடிக்கறதே எனக்கு வேலையாப் போச்சு. இப்ப போன் எடுக்குற பையன் மட்டும்தான் பெர்மனென்ட். ரூம்ல பைப்புல வெள்ளம் வரலன்னா அப்பவே போன்ல விளிச்சுத் திட்டுவாங்க. அதக் கேக்க ஒரு ஸ்வந்தம் ஆளு வேணும், அல்லே? தினமும் வேலை உண்டெங்கில் ஆள வைக்கணும். வேலை வந்து போறதாணெங்கில் ஆளும் வந்து போனா மதி, அது போதும்."

வந்து போகிற ஆளுக்கா பெண்ணைக் கொடுப்பது? "பையன் எப்படி?" என்று கேட்டார்.

"தங்கமான பையன். அனந்தபத்மநாபன் சாரோட கடைக்கும் அவன்தான். கேட்டு நோக்கூ."

அனந்தபத்மநாபனின் பட்டுக்கடை, அருமைநாயகத்தின் கடைக்கு நேர் எதிரே. இவர் சத்தமே போடாதவர். பெண்ணுக்கு வரன் விஷயமாக வந்திருப்பதாகச் சொன்னதும் ஏசிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். "வெங்கிடேஷ் நம்ம ஆளு. தாராளமாக் கொடுக்கலாம்," என்றார்.

இதற்குமேல் என்ன வேண்டும்? பகவதிப்பெருமாளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. குளிர்ந்ததோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். சும்மா வரவில்லை, நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று காட்டிக்கொள்ள அவருக்கு ஆசை வந்தது.

"எல்லாரும் ஒண்ணுபோலத்தான் சொல்றாங்க சார். எதிர்க்கடை அருமைநாயகம் அண்ணாச்சியும் நம்ம பையன்னுதான் சொன்னாரு."

அனந்தபத்மநாபன் டம்ளரைக் கீழே வைத்தார். "எதிர்க்கடைக்கா?"

"ஆமா. அந்தப் போர்டுகூட அவருதான்..."

இருவரும் கண்ணாடிக் கதவு வழியாக எதிரே பார்த்தார்கள். போர்டு நன்றாகத்தான் இருந்தது.

"காலையிலேர்ந்து அதையே பாத்துண்டிருக்கேன்," என்றார் அனந்தபத்மநாபன் மெதுவாக. "எவ்வளவு நன்னாப் பண்ணியிருக்கான்னு நெனச்சேன். ஓணத்துக்கு நான் என்ன ஆஃபர் போடப்போறேன்னு என் ஆத்துக்காரிக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும்."

"அவரு வெளியில சொல்லியிருக்க மாட்டாரு சார்."

"சொல்லியிருக்க மாட்டான். ஆனா நான் தூங்கணுமே? வெளியில போகக்கூடாத காரியத்துக்கு நம்ம மேற்பார்வையில, நமக்கு மட்டும் வேலை செய்யற ஆளு வேணும். தப்பு என்னோடது." அவர் போனை எடுத்து மேனேஜரை அழைத்தார். "அந்த வெங்கிடேஷ் இனிமே வேண்டாம். கூட எழுதற பொண்ணும் வேண்டாம்."

பகவதிப்பெருமாள் எழுந்துவிட்டார். பாவி மனுஷன், விசாரிக்க வந்து பையன் வேலையையே பறித்துவிட்டேனே! காபியைப் பாதியில் விட்டுவிட்டு, பஸ்களுக்கு நடுவே குடையை ஆட்டி ஆட்டி நிறுத்தி, ரோட்டைக் கடந்து அருமைநாயகத்திடமே ஓடினார். நடந்ததை அழாத குறையாகச் சொன்னார்.

அருமைநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். "ஐயரு விட்டுட்டாரா? அப்ப நான் பிடிச்சாச்சு! இனி அவன் எனக்கு மட்டும்தான். பெர்மனென்ட். உமக்கு என்ன, நாற்காலிதான வேணும்? அந்தா, மாடிப்படிக்குக் கீழ போட்டுத் தாரேன்."

"கர்க்கடகத்துல?"

"துணி மடிக்கட்டும்வேய்!"

போன வேலை முடிந்தது மட்டுமல்ல, மாப்பிள்ளைக்கு உத்தியோகமே வாங்கிக் கொடுத்தாயிற்று. பகவதிப்பெருமாள் வழியில் லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று சரியாகப் புரியாவிட்டாலும் நல்லதுதான் நடந்திருக்கிறது என்று நிச்சயமாக நம்பினார்.

திவ்யலட்சுமி அன்றைக்கு வழக்கத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்திருந்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் செத்துப்போயிற்று. லட்டைக் கையில் வாங்கவில்லை.

"எத்தனை நாற்காலி போடுறாராம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணு. ஒரு ஆளுக்கு எத்தனை போடுவாவ?"

"அப்பா, ஷிஜா சேச்சி மாடிக்கு நீங்க ஏறி வர்றத ஜன்னல் வழியாப் பாத்தேன். பின்படியில இறங்கி ஓடினேன்."

"நீ எதுக்கு மக்கா அங்க போனே?"

"ஜன்னல் பக்கத்துல கிடந்தது என் நாற்காலி."

அவருக்கு விளங்கவில்லை. மேஜைமேல் அவள் கொண்டுவந்து வைத்திருந்த டிபன் டப்பாவைப் பார்த்தார். நீல ரப்பர் பேண்ட். அப்போதும் முழுதாக விளங்கவில்லை.

"டெக்னோபார்க்?"

"விட்டுட்டேன்ப்பா. ஓணம் கழிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன். அங்க யாரும் படிக்காத மெயிலை நாள் முழுக்க எழுதிக்கிட்டு இருந்தேன். இப்ப நான் எழுதுறதப் படிச்சுட்டு சனம் கடைக்கு வருது. அவன் படம், என் எழுத்து. தரகர்கிட்ட குறிப்பைக் கொடுன்னு அவன்கிட்ட சொன்னதே நான்தான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப பட்டுக்கடை போச்சு. அவன் அங்க போயி உக்காந்துட்டா ஷிஜா சேச்சிக்குப் படம் செய்ய முடியாது. படம் இல்லாம என் எழுத்து மட்டும் எதுக்கு? அருமைநாயகம் சார் போட்டது ஒரு நாற்காலிதான். அதுல எனக்கு இடமில்லப்பா."

"மாப்பிள்ள என்ன சொல்லுதாரு?"

"அருமைநாயகம் சார் அவனுக்குப் போன் பண்ணிட்டாராம். உங்க அப்பாவுக்கு அதுதான் நிம்மதின்னா போயி உக்காருறேன்னு இப்பத்தான் மெசேஜ் போட்டிருக்கான்."

பகவதிப்பெருமாள் லட்டுப் பொட்டலத்தை மூடிவைத்தார். காலையிலிருந்து மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறதா என்று அலைந்து, மகளின் வேலையைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார். அப்போதுதான் போன் அடித்தது. பையனின் அப்பா.

"பையனுக்கு பெர்மனென்ட் ஆக்கிக் குடுத்துட்டியளாமே! ரொம்ப சந்தோஷம்," என்றார் அவர். "நாங்களும் ஒண்ணு விசாரிச்சுக்கிடணும்லா, தப்பா எடுத்துக்கப்படாது. உங்க பொண்ணு டெக்னோபார்க்ல பெர்மனென்ட்தான?"

ஆமாம் என்று சொல்லும்படி உலகம்மை கையைக் கையை ஆட்டினாள். திவ்யலட்சுமி தலை நிமிரவில்லை.

"வேலை பாக்கா," என்றார் பகவதிப்பெருமாள். "ஆனா பெர்மனென்ட் இல்ல. டெக்னோபார்க்கும் இல்ல. உங்க பையனும் அந்த நாற்காலியில போயி உக்கார வேண்டாம். அது நான் தெரியாமச் செஞ்ச காரியம்."

பையனின் அப்பா விடவில்லை. "அப்ப பொண்ணு எங்கதான் வேலை பாக்கா?"

அதை எப்படிச் சொல்வது என்று அவருக்கு இப்போதும் தெரியவில்லை.

"நாளைக்குக் கிழக்கேகோட்டைக்கு வாருங்க," என்றார். "நாம ரெண்டு பேருமாப் போயி விசாரிப்போம். நம்ம பிள்ளைகள்னுதான் எல்லாரும் சொல்லுவாவ. நாற்காலி எதுன்னு மட்டும் கேட்டிராதீங்க."