நார்பர்ட், ரெண்டு பேர்

வெள்ளிக்கிழமையானால் ஊரே மீன் வறுவலுக்குக் கிளம்பும் எங்கள் மில்வாக்கியில், எங்கே போய் அதைச் சாப்பிடுவது என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் இந்த ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான். எந்தக் கடையில் மீன் மொறுமொறுவென்று வரும், எவன் எண்ணெயை மாற்றாமல் காலத்தை ஓட்டுகிறான், எங்கே உருளைக்கிழங்கு அடை கேட்டால் தீர்ந்துவிட்டது என்று வறுத்த கிழங்கைத் தலையில் கட்டுவார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. அப்பேர்ப்பட்ட நான் ஒன்றரை வருஷமாக வாராவாரம் பிலார்ஸ்கி கடையில் உட்கார்ந்து சவசவவென்ற மீனைத் தின்றுகொண்டிருந்தேன். எல்லாம் என் அக்கா டெல்ஃபினால் வந்த வினை.

அத்தான் கண்ணை மூடிய பிறகு அவளை வெள்ளிக்கிழமை தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. நான்கு மணிக்கெல்லாம் போய் அவளைக் காரில் ஏற்றிக்கொள்வேன். எங்கே போகலாம் என்று கேட்டால், "உனக்கு எங்க இஷ்டமோ அங்க போலாம்டி. பிலார்ஸ்கினாலும் சரிதான்" என்பாள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வேண்டாம் என்ற சொல் வாயில் வராது. ஒன்றைத் தின்றுவிட்டு 'வித்தியாசமா இருக்கு' என்றால் துப்ப இடம் தேடுகிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

பிலார்ஸ்கியில் முன்கூட்டி இடம் பிடிப்பதெல்லாம் கிடையாது. வாசலில் இருக்கும் பெண்ணிடம் பேரையும் எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிட்டு, பாரில் ஒரு பிராந்தியை வைத்துக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டும். இறைச்சி தொடாத தவக்காலம் என்றால் ஒன்றரை மணி நேரம் கூட ஆகும். மேஜை காலியானதும் அவள் மைக்கில் பேரைக் கூப்பிடுவாள். என் அக்கா எப்போதும் கார் நிற்பதற்குள் இறங்கி, "நீ காரை நிறுத்திட்டு வா, நான் பேர் குடுத்துடறேன்" என்று ஓடுவாள். கொடுப்பது அத்தான் பேரை. நாற்பத்திநான்கு வருஷப் பழக்க தோஷம் என்று விட்டுவிட்டேன். "நார்பர்ட், ரெண்டு பேர்!" என்று மைக்கில் வந்ததும், அது காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நான் எழுந்துவிடுவேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கு முந்தின வாரம் மீன் நடுவில் வேகவே இல்லை. காரை நேராக ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டேன்.

"எங்கடி போறோம்?"

"பேசாம வா. இன்னிக்காவது நாக்குக்கு விடிவு காலம் பொறக்கட்டும்."

"அதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

புதுக் கடை. வாசலில் பையன் பேர் கேட்கவில்லை. எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு வில்லையைக் கையில் கொடுத்தான். டெல்ஃபின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பேர் சொல்லிக் கூப்பிட மாட்டீங்களாப்பா?"

"தேவையில்லீங்க. மேஜை காலியானதும் இது தானா அதிரும், லைட் எரியும்."

"ஓ. ரொம்ப வசதி" என்றாள்.

மீன் என்றால் அது மீன். ஏரி மீன், கடித்தால் சத்தம் கேட்கிறது. அடை ஓரமெல்லாம் பொன்னிறம், தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். நான் பரபரவென்று தின்று நிமிர்ந்து பார்த்தால், அவள் இரண்டு வாய் தின்றுவிட்டு மீதியைக் கட்டித் தரச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"எப்படி இருக்கு?"

"வித்தியாசமா இருக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அப்படியே காரைத் திருப்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. "ஜலதோஷம்டி. மூக்கெல்லாம் ஒழுகுது. நீ போய் நல்லாச் சாப்பிட்டுட்டு வா."

எனக்குக் கோபம் எவ்வளவு சீக்கிரம் வருமோ அவ்வளவு சீக்கிரம் போய்விடும். பாவம், ஜலதோஷத்தோடு தனியாகக் கிடக்கிறாளே என்று மனசு அடித்துக்கொண்டது. பிலார்ஸ்கியில் உருப்படியாக இருப்பது அந்த மீன் சூப் ஒன்றுதான். வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்போம் என்று கிளம்பினேன். பாரில் பார்சலுக்குச் சொல்லிவிட்டு நின்றேன். அப்போது மைக் கரகரத்தது.

"நார்பர்ட், ரெண்டு பேர்! நார்பர்ட்!"

திரும்பினேன். கோட்டுகள் மாட்டும் மூலையிலிருந்து ஜலதோஷக்காரி எழுந்தாள். நீலக் கோட்டு, உதட்டுச் சாயம், காதில் முத்து. மூக்கும் ஒழுகவில்லை, ஒரு மண்ணும் இல்லை. மைக்கில் கூப்பிட்ட பெண்ணுக்குப் பின்னால் நடந்து போனாள். அந்த முகத்தை என்னவென்று சொல்வேன்! ஒன்றரை வருஷமாக அவளை நான் அப்படிப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஜன்னலில் அத்தானுக்காகக் காத்திருப்பாளே, அந்த முகம். மேஜைக்குப் போய் உட்கார்ந்து, எதிரில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்ததும் அது அணைந்துவிட்டது.

சூப்பைத் தூக்கிக்கொண்டு போய் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன்.

"ஜலதோஷம் எப்படி இருக்கு?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இப்பத் தேவலைடி" என்றாள் மெதுவாக.

"இந்தப் பனியில பஸ் புடிச்சா வந்தே? வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாருக்கா பாக்கறது? பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது, தெரிஞ்சுக்கோ."

"இங்க போடறது போஜனமாடி?" என்றாள். "இந்த மீன் நல்லா இல்லைன்னு எனக்குத் தெரியாதா? அவரே திட்டிக்கிட்டுத்தான் தின்பார்."

"பின்ன என்ன எழவுக்கு இங்கயே வர்றே?"

மேஜையில் இருந்த கைத்துணியை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அவர் என்னை வாசல்ல இறக்கி விட்டுட்டுக் காரை நிறுத்தப் போவார். போன மனுஷன் வெளிய நிக்கறவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் கதையளந்துட்டு நிப்பார். பேர் கூப்பிட்டாக்கூட வரமாட்டார். நான் முதல்ல போய் உக்காருவேன், பத்து நிமிஷம் கழிச்சு வந்து நிப்பார். இப்பவும் அந்தப் பொண்ணு கூப்பிட்டதும் நான் எழுந்து இந்த மேஜைக்கு வர்ற வரைக்கும், அவர் வெளிய காரை நிறுத்திட்டு இருக்கார்டி. உக்காந்தப்புறம்தான் இல்லை."

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"வேற யாருடி அவர் பேரைச் சொல்றீங்க? பசங்க சொல்றாங்களா? நீ சொல்றியா? நான் அழுதுடுவேன்னு எல்லாரும் வாயைப் பொத்திக்கறீங்க. இங்க ஒரு பொண்ணு மைக்ல கத்தறா. ஹாலே திரும்பிப் பாக்குது."

சுருக்கென்று தைத்தது. யோசித்துப் பார்த்தேன். அடக்கம் முடிந்த நாளிலிருந்து 'அப்போ', 'அதுக்கு முன்னாடி' என்று சுற்றி வளைத்தேனே தவிர, ஒரு நாள் கூட அந்தப் பேரை நான் சொல்லவில்லை. நல்லது செய்வதாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை எதால் அடிக்கலாம்!

"இந்த நார்பர்ட்டுக்குக் காரை நிறுத்தவே தெரியாது" என்றேன். "முன்னாடி நிறுத்துய்யான்னா பின்னாடி போய் தெருவோரத் தண்ணிக் குழாயை இடிச்சு வச்சார். தெருவெல்லாம் வெள்ளம்."

டெல்ஃபின் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். "குழாய்தான் வந்து இடிச்சுதுன்னு போலீஸ்காரன்கிட்ட சொன்னாரேடி!" என்றாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு அவள் அந்தச் சவசவ மீனை ஒரு துண்டு விடாமல் தின்றாள். சூப்பை நான் குடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதிர்ஷ்டவசமாக வாசலுக்கு எதிரிலேயே காரை நிறுத்த இடம் கிடைத்தது. அக்காவுக்கு முன்னால் நானே விறுவிறுவென்று போய் அந்தப் பெண் முன்னால் நின்றேன்.

"நார்பர்ட்" என்றேன்.

"ரெண்டு பேர்தானே?" என்று எழுதப் போனாள்.

"மூணு."

அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "இன்னொருத்தர் எங்கம்மா?"

"காரை நிறுத்தறார். வெளிய எவன்கிட்டயாவது கதையளந்துட்டு நிப்பார், வர லேட்டாகும். நீ பாட்டுக்குக் கூப்பிடு."

அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். தப்புப் பண்ணிவிட்டேனோ என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம் டெல்ஃபின் என் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

"கொஞ்சம் சத்தமாவே கூப்பிடும்மா. அவருக்குக் காது மந்தம்."