அத்தை என்று கூப்பிட்டவன்

ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவன் வாயைத் திறந்த அன்றைக்கே சிதம்பரத்தில் அந்தத் தெரு அவனுக்குப் பெயர் வைத்துவிட்டது. தங்கராசு என்று அவன் சொன்ன பெயரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தாண்ட, இந்தாண்ட என்று பேசுகிற ஊரில் அவன் அங்கிட்டு, இங்கிட்டு என்றான். அதனால் அவன் 'அங்கிட்டு' ஆனான். "அங்கிட்டு டீ குடிச்சாச்சா?" என்று டீக்கடை லூர்துசாமி கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

எட்டு வயதில் தாய்மாமனோடு பர்மாவுக்குப் போனவன் அவன். வளர்ந்தது செட்டியார் கடைகளில். இருபத்தேழு வருஷம் கழித்து, அந்தக் கடைகளின் தமிழோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் அக்கா சௌந்தரத்தின் வாசலில் வந்து நின்றான். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மெட்ராஸ் முகாமில் இருக்கிறார்கள் என்றான்.

"இன்னாடி, ஒன் தம்பின்றான்? பேச்சு மதுரக்காரனாட்டம் இருக்குது" என்றான் சௌந்தரத்தின் புருஷன் சுப்பராயலு. வீட்டை ஒட்டியே அவனுக்கு சைக்கிள் கடை.

சௌந்தரத்துக்கும் முதலில் தெரியவில்லை. எட்டு வயது முகத்தை முப்பத்தைந்து வயது முகத்துக்குள் எங்கே போய்த் தேடுவது? மூன்றாம் நாள் தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாமல் கடையில் ஒரு சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவனின் விரல் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. யாராக இருந்தாலும் 'அம்மா' என்றுதான் அலறியிருப்பார்கள். அவன் "அத்தே!" என்று அலறினான்.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "வலிக்குக்கூட வேற ஆளக் கூப்புடறான் பாரு" என்றான் சுப்பராயலு. தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்த சௌந்தரம் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

தங்கராசுவுக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. அவன் பிறந்ததும் அவர்களுடைய தாய் பட்டம்மாள் அவனை ஒரு படி தவிட்டுக்குப் பக்கத்து வீட்டு ரத்தினம்மாளிடம் விற்றாள். மறுநாள் திரும்ப வாங்கிக்கொண்டாள். தன் பிள்ளை இல்லை, விலைக்கு வாங்கியது என்றால் வருகிற சாவு வாசலோடு போய்விடும் என்று நம்பினாள். அந்த ஏமாற்று நிலைக்க வேண்டும் என்றால் அவன் அவளை அம்மா என்று ஒருபோதும் கூப்பிடக் கூடாது. அத்தை என்றுதான் சொல்ல வேண்டும். தெருப் பிள்ளைகளைப் பார்த்து நாக்கு தவறி 'அம்மா' என்றுவிட்டால் வாயிலேயே ஒன்று விழும். காவல் வேலை மூத்தவளுக்கு. ஆறு வயது மூத்தவள் சௌந்தரம். தாய் அடித்ததைவிட அந்த வாயில் அவள் அடித்ததுதான் அதிகம்.

அன்றைக்கே புருஷனிடம் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். நாளைக்குள் அண்ணாகிராமத்து முந்திரித்தோப்பு குறுக்கே வந்துவிட்டது.

தோப்பு பட்டம்மாளுடையது. அவள் செத்து ஒன்பது வருஷம் ஆகியும் பட்டா அவள் பெயரிலேயே இருந்தது. சௌந்தரம் தன் மகளைத் திட்டக்குடியில் கொடுப்பதாகப் பேசி, தை மாதத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. தோப்பைப் பெண் பெயருக்கு எழுதினால்தான் தாலி என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். பட்டாவைச் சௌந்தரம் பெயருக்கு மாற்றக் கேட்டபோது, இறந்தவளுக்கு ஒரு மகன் உண்டு, பர்மாவிலிருந்து வந்திருப்பதாகத் தெரிகிறது என்று கிராம முன்சீப் எழுதிவிட்டார். விசாரணைக்குக் கடலூருக்கு வரச் சொல்லி மூன்று பேருக்கும் நோட்டீஸ் வந்தது.

பஸ்ஸில் தங்கராசு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தான். சுப்பராயலு குனிந்து அவள் காதோரம் சொன்னான்: "பாதி போச்சுன்னா கல்யாணமே போச்சு. தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லு. பொண்ண நெனச்சிக்க."

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். சத்தம் போடாமல் பேசினார். தங்கராசுவிடம் ஊர், தெரு, மாமன் பெயர் எல்லாம் கேட்டார். அவனும் ஒன்றொன்றாகச் சொன்னான். "ஓரமா ஒரு குடிச போட்டுக்கிற எடம் இருந்தாப் போதும்ங்க. புள்ளைகளக் கூட்டியாந்துருவேன்" என்றான். கடைசியாக ஊரை விட்டுப் போன நாளைப் பற்றிக் கேட்டார்.

"அத்தைதாங்க என்னிய ரயிலடி வரைக்கும் கூட்டியாந்து ஏத்திவிட்டுச்சு. ரயிலு போறவரைக்கும் அங்கிட்டே நின்டுச்சு."

"அத்தையா, யாரு?"

"அதாங்க, பட்டம்மா. என்னியப் பெத்தவ."

சுப்பராயலு எழுந்தே விட்டான். "கேட்டீங்களா சார்! பெத்தவள எவனாச்சும் அத்தம்பானா? பாடம் பண்ணிக்கினு வந்தவன் இதுல கோட்ட வுட்டுட்டான்."

வாசலில் நின்ற பியூன் சிரித்தான். தங்கராசுவின் முகம் சிறுத்துப்போனது. "எங்க வீட்ல அப்படித்தான் கூப்புடச் சொன்னாங்க" என்றான்.

"ஏன்?"

"தெரியாதுங்க. சின்னப்புள்ள. கேட்டதில்ல."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சௌந்தரத்தின் பக்கம் திரும்பினார். "சில வீட்டுல பொறக்கற கொழந்த தங்கலன்னா மொறைய மாத்திக் கூப்பிட வைப்பாங்க. எங்க சொந்தத்துலயே ஒருத்தன் பெத்தவள அண்ணின்னு கூப்பிடறான். உங்க வீட்டுல அந்த மாதிரி உண்டாம்மா?"

பக்கத்து அறையில் ஒரு டைப்ரைட்டர் தட்டிக்கொண்டிருந்தது. அது நின்றது. தங்கராசு அதிகாரியைப் பார்க்கவில்லை. அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். செயினில் சிக்கிய விரல் நகம் கறுத்திருந்தது.

"நான் அம்மான்னுதாங்க கூப்பிட்டேன்" என்றாள் சௌந்தரம்.

"நீங்க சரி. உங்க தம்பி?"

"தம்பி பர்மாவுல செத்துட்டதா சண்டக் காலத்துல காயிதம் வந்திச்சுங்க."

அதுவும் உண்மைதான். காட்டு வழியாக நடந்து வந்த கூட்டத்தில் மாமனும் பையனும் இறந்துவிட்டதாக எவரோ எழுதிய கடிதம் வந்தது. சொன்ன இரண்டில் எதுவும் பொய்யில்லை. இன்ஸ்பெக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் அவளை நிறுத்திவிட்டுச் சுப்பராயலு வெற்றிலை வாங்கப் போனான். தங்கராசு வந்தான். பெட்டியைக் காலையிலேயே கையோடு எடுத்து வந்திருந்தான். எப்படி முடிந்தாலும் மெட்ராஸுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தான்.

"எடம் கெடக்குதுக்கா" என்றான். "அந்த ஆபீசர் கேட்டாரே, அது மாதிரித்தானா? அவ என்னியப் பெத்தவதானா? இல்ல, எங்கிட்டாச்சும் வாங்கி வளத்துச்சா? அத மட்டும் சொல்லு. நாங் கெளம்பிர்றேன்."

சுப்பராயலு தூரத்தில் இருந்தான். அவன் காதில் விழாது. ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டவன் திரும்பவும் அந்த ஆபீஸ் படி ஏறினால்? ஏறாவிட்டாலும், உள்ளே அவள் என்ன செய்துவிட்டு வந்தாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். சௌந்தரம் மரத்தடியில் கிடந்த பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வெகுநேரம் காத்திருந்தான். ஒரு பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. இன்னொன்று வந்து நின்றது.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். மூன்று வாரமாக வாய்க்கு வாய் அக்கா, அக்கா என்றவன், முன்பின் தெரியாத பெண்பிள்ளையிடம் விடைபெறுகிறவன் போல, "சரி, வர்றேம்மா" என்றான்.

சௌந்தரத்தின் வலக்கை, அவள் நினைக்கும் முன்னே, அவன் வாயை நோக்கி எழும்பியது. அவன் அதற்குள் திரும்பி நடந்துவிட்டிருந்தான்.

வெற்றிலையை மென்றுகொண்டு வந்த சுப்பராயலு, பாதியில் நின்ற அந்தக் கையைப் பார்த்தான்.

"யாருக்குடி கை காட்டற?"

"யாருக்குமில்ல" என்றாள். கையைக் கீழே இறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.