நாலாம் சிலிண்டரில் மூன்று

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் நல்ல எண்ணத்தோடு தொடங்கவில்லை. என் அண்ணனின் வேலை போனதற்கு ஒருத்தி காரணம் என்று தெரிந்த அன்று, அவளை எழுத்தில் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். அந்த ஒருத்தி அந்நியமில்லை. என் அண்ணியின் உடன்பிறந்த அக்கா. எங்களுக்கெல்லாம் பெரியக்கா. கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக இன்ஜின் ஃபிட்டர். அண்ணனை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான்.

தொடக்கம், முதல் முயற்சி: "கடல் அன்று கொந்தளித்துக்கொண்டிருந்தது…"

(அடித்துவிட்டேன். படகு கரையேற்றப்பட்டுக் கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. கடலுக்கும் அன்றைய சம்பவத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

இரண்டாம் முயற்சி: "குற்றவுணர்வு நெஞ்சை அரிக்க, அவள் பிஸ்டனை மெல்ல வெளியே தூக்கினாள்—"

இதை அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "கரியைச் சுரண்டினாங்களா?" என்று கேட்டார்.

"எந்தக் கரி?"

"சிலிண்டரோட மேல் விளிம்புல கரி படிஞ்சு வரப்பு மாதிரி நிக்கும். அதை எடுக்காம பிஸ்டனைத் தூக்கினா, அதைச் சுத்தியிருக்கிற ரிங் போய் மாட்டிக்கும். அப்புறம் அடியில ராடைக் கழட்டாம பிஸ்டன் எப்படி மேல வரும்? நீ சொல்ற குற்றவுணர்வெல்லாம் ராடு கழண்டதுக்கு அப்புறம்தான்."

ஆகவே அண்ணன் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

2

ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், பயணிகள் படகு. செவ்வாய்க்கிழமை காலை. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரை வடித்து, சிலிண்டர்களின் தலைகளைக் கழற்றி வரிசையாகத் தரையில் வைத்தாயிற்று. கரியைச் சுரண்டியாயிற்று. பெரியக்கா நாலாம் சிலிண்டரின் பிஸ்டன் தலையில் கொக்கியை மாட்டி, பளுவைச் செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

(கவனித்திருப்பீர்கள், 'அவள்' இப்போது 'அவர்' ஆகிவிட்டது. எனக்கு மரியாதை பொங்கிவிடவில்லை. அண்ணன் சிவப்பு மையில் திருத்தியிருந்தார்.)

இன்ஜினின் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பாதி உடம்பை உள்ளே நுழைத்துத்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். பிஸ்டனிலிருந்து இறங்கும் கனெக்டிங் ராடு, அடியில் கிராங்க் என்ற சுழல்தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும். கவ்வும் வளையத்தின் மேல்பாதி ராடோடு சேர்ந்தது. கீழ்ப்பாதி தனி. அதற்குக் கேப் என்று பெயர். இரண்டையும் இரண்டு பெரிய போல்ட்டுகள் இணைக்கின்றன. பெரியக்கா போல்ட்டுகளைத் தளர்த்தி, கேப்பை இரு கையாலும் தாங்கி வெளியே எடுத்தார். பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைத் துணியால் துடைத்தார். மூக்குக்கண்ணாடியையும் துடைத்தார். அப்புறமும் நம்பாமல் நகத்தால் தடவிப் பார்த்தார்.

ராடில் 4. கேப்பில் 3.

"அக்கா, தூக்கலாமா?" மேலிருந்து செயின்காரர்.

"இரு."

"என்னக்கா?"

"இருன்னு சொன்னேன்ல."*

* இது ஏன் பெரிய விஷயம் என்று நானும் கேட்டேன். "ராடையும் கேப்பையும் ஒண்ணா முடுக்கி வச்சுத்தான் உள்வட்டத்தைக் கடைவாங்க" என்றார் அண்ணன். "ஜோடி மாறினா வட்டம் முழு வட்டமா இருக்காது. ஒரு முடி அளவு கோணும். உள்ளே இருக்கிற பேரிங்கைச் சுட்டுப் பொசுக்க அந்த முடி போதும். நாலாவது இத்தனை நாள் தாங்கினது அதிர்ஷ்டம்."

3

இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே படகு, இதே இன்ஜின். பராமரிப்பு முடிந்து கிளம்பிய நாற்பதாம் நாள் மூன்றாம் சிலிண்டரின் பேரிங் தீய்ந்து, படகு நடுவழியில் நின்றது. இழுத்துச் சென்ற வேறொரு துறைமுகத்தில், கெட்டுப்போன மூன்றாம் ராடைக் கேப்போடு தூக்கி எறிந்துவிட்டுப் புது ஜோடி போட்டு அனுப்பினார்கள். எறிந்த கேப்பில் என்ன எண் என்று யாரும் படிக்கவில்லை. விசாரணையில், மூன்றாம் சிலிண்டர் போல்ட்டுகளை முறுக்கியது யார் என்று பார்த்தார்கள். அண்ணன். 'சரியாக முறுக்கவில்லை' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"அளவு பார்த்துத்தான் முறுக்கினேன்" என்று அண்ணன் வாய் வலிக்கச் சொன்னார். சொந்தபந்தம் கூடியிருந்த ஓர் இடத்தில் பெரியக்கா எல்லோர் காதிலும் விழும்படி, "கவனமில்லாத ஆளைக் கூட்டிட்டுப் போய் விட்டேனே, என்னைச் சொல்லணும்" என்றார். அன்றோடு அண்ணி தன் அக்காவிடம் பேச்சை நிறுத்தினார். அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார்.

அந்தப் பராமரிப்பில் ஆறு கேப்புகளையும் மண்ணெண்ணெயில் கழுவி, பலகையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது பெரியக்கா. இடையில் வழிக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று பலகையை நகர்த்தினார். அது சாய்ந்து இரண்டு கேப்புகள் சரிந்தன. எடுத்து வைத்தார்.

"வச்சது ஞாபகம் இருக்கு" என்றார் பின்னாளில் என்னிடம். "நம்பரைப் படிச்சது ஞாபகம் இல்லை."

4

இந்த இடத்தில் என் பேனா குஷியாகிவிட்டது. பார்த்தது அவர் ஒருவர் மட்டும். நாலாவதுக்கும் புது ஜோடி கேட்டு வாங்கிப் போட்டுவிட்டால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும். எழுதினேன்: "அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். கேப்பைச் சாக்குக்குள்—"

நடந்தது அதுவல்ல. அப்படியானால் அழுதாரா? இல்லை. அத்தனை கனமும் செயினில் தொங்கிக்கொண்டிருந்தது. "மெதுவா ஏத்து" என்றார். ராடின் கால் கிராங்கில் இடித்துக் கீறிவிடாமல் கையால் விலக்கி விலக்கி மேலே அனுப்பினார். பிஸ்டனை மரத்தாங்கியில் பத்திரமாக உட்கார வைத்தபின் ஒரு டீ வாங்கிக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம் யோசிச்சீங்க?" என்று கேட்டேன்.

"அரை நாள்னு எல்லாம் எழுதிடாதே. டீ ஆறுற நேரம். அதுக்குள்ள மறைச்சிடலாம்னு ரெண்டு தடவை தோணுச்சு. அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.

பிறகு கேப்பைத் தூக்கிக்கொண்டு ஃபோர்மேன் அறைக்குப் போய் மேஜைமேல் வைத்தார். விஷயத்தைக் கேட்ட ஃபோர்மேன், "முடிஞ்சு போனதை ஏன் கிளறுறீங்க? அவர் போய் ரெண்டு வருஷமாச்சு" என்றார்.

"அவர் போகலை. நாம அனுப்பினோம்."

"உங்க பேர்தான் கெடும்."

"கெடட்டும். நானே எழுதிக் கையெழுத்துப் போடுறேன்."

5

ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி இருக்கும். கதவைத் திறந்தது அண்ணி. 'வா' என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. பெரியக்கா தானாகவே உள்ளே வந்து, அறிக்கையின் நகலை அண்ணன் முன்னால் வைத்தார்.

"மாப்பிள்ளை, போல்ட்டுல தப்பில்லை. கேப் மாறிப் போச்சு. மாத்தினது நான்."

அண்ணன் இரண்டு முறை படித்தார். "நம்பரைப் பார்க்காம முறுக்கினது நான்" என்றார்.

"ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார் அண்ணி. "பழியைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தா, அதுலயும் பாதி எனக்குன்னு கேட்டு வாங்குங்க." பிறகு, இரண்டு வருஷத்தில் முதல் முறையாக, அக்கா பக்கம் திரும்பினார். "எல்லார் முன்னாடியும் சொன்னியே. அதை எந்தப் பேப்பர்ல எழுதியிருக்கே?"

"அதுக்குப் பேப்பர் இல்லை. வீடு வீடாப் போய்ச் சொல்றேன்" என்றார் பெரியக்கா.

இருவரும் கட்டிக்கொண்டு— (இல்லை. அண்ணி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பெரியக்கா குடித்தார். அவ்வளவுதான்.)

அந்த வாரத்தில் ஒன்பது வீடுகளுக்குப் போனார். ஒரு வீட்டில், "நாங்க அதை எப்பவோ மறந்துட்டோமே" என்றார்களாம். "நான் சொன்னதை மறந்தீங்க, சரி. இப்போ சொல்றதை மறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாராம். இதை வந்து சொன்னது ஒரு பெரியம்மா. சொல்லும்போது அண்ணி பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை, ஆனால் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

6

பெரியக்காவுக்கு ஆறு மாதம் கையெழுத்து அதிகாரம் கிடையாது. இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் அவர் வேலை ஏற்கப்படும். அண்ணன்மேல் இருந்த குற்றச்சாட்டு நீக்கப்பட்டது என்று ஒரு கடிதம் வந்தது. கூடவே ஃபோர்மேனின் ஃபோன்: "புது ராடு வந்துடுச்சு. திங்கக்கிழமை நாலாவது பிஸ்டனை இறக்குறோம். பழைய இடத்துக்கே வாங்க."

அண்ணன், "பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) அண்ணன் போகிறார். ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராதபடி திருப்பி வைத்து, எண்ணெய் பூசி, பெரியக்கா மேலிருந்து பிஸ்டனை இறக்குகிறார். கீழே அண்ணன் ராடைப் பிடித்துக் கிராங்கில் உட்காரவைக்கிறார். கேப்பின் எண்ணை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் திருப்பிச் சொல்கிறார்.

(ஆ) அண்ணன் போகவில்லை. பிஸ்டனை வேறு கைகள் இறக்குகின்றன. வேனில் ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு வாண்டுகளுக்குப் பஞ்சாயத்துப் பண்ணியபடி அவர் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார். அந்த வேலை அவருக்குப் பிடித்தும் போயிருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் எந்தப் பக்கம் போனார் என்று எனக்குத் தெரியும், ஒரே வீடுதானே. இரண்டையும் அவரிடம் கொடுத்து, "ஒண்ணை அடிச்சிடட்டுமா?" என்று கேட்டேன்.

படித்தார். (அ)வில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார்.

"போனேன்னு போட்டா, மன்னிச்சிட்டான்னு படிப்பாங்க. போகலைன்னு போட்டா, மன்னிக்கலைன்னு படிப்பாங்க. ரெண்டுமே பொய்."

"அப்போ எது நிஜம்? மன்னிச்சீங்களா இல்லையா?"

"இதை அவங்களும் படிப்பாங்கல்ல?"

"படிப்பாங்க."

"அப்போ விடு. அவங்ககிட்ட நான் வாயால சொல்ல வேண்டியதை உன் கதை முந்திக்கிட்டுச் சொல்லக் கூடாது."

இன்றுவரை அவர் சொல்லவில்லை. (அ), (ஆ) இரண்டும் மேலே அடிபடாமல் கிடக்கின்றன, வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இந்த வாக்கியத்தைக்கூட அவர் பெரியக்காவிடம் பேசி முடிக்கும்வரை—