ஒன்பதுகள் எல்லாம் பூச்சியமான கிழமை

பாலாம்பிகையின் கார் பத்து லட்சம் கிலோமீற்றரைத் தொட இன்னும் நூற்று இருபத்தொன்பது கிலோமீற்றர்தான் இருந்தது.

1984ஆம் ஆண்டு ஜெர்மனியில் செய்த மெர்சிடிஸ் பென்ஸ் அது. டீசல், கடும் நீல நிறம். கர்க்லாண்டில் இருந்த ஒரு பல் வைத்தியரிடம் 1996இல் அவள் வாங்கியபோதே இரண்டு லட்சம் ஓடியிருந்தது. மீதி முழுவதும் அவள் ஓட்டியது. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பது அவளுடைய வேலை. மொன்ட்ரியால் தீவின் மேற்குப் பக்கத்தில் அவள் போகாத ஒழுங்கை இல்லை. அது போதாதென்று ரொறன்ரோவில் நடந்த கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு என்று வருடத்துக்குப் பத்துத் தரமாவது 401 பெருந்தெருவில் போய் வந்திருக்கிறாள். அரை மில்லியன் ஓடி முடித்ததற்குக் கொம்பனி அனுப்பிய வட்டச் சின்னம் முன் கிரில்லில் இருந்தது.

அவளுடைய கணவர் விமலநாதனுக்கு அந்தக் காரைக் கண்ணில் காட்டக்கூடாது. அவர் தன்னுடைய புது ஜப்பான் வண்டியைக் கராஜுக்குள் வைத்துப் பூட்டுவார். பென்ஸ் வெளியே, பனியில். கலியாண மண்டபங்களுக்கு அதில் போக நேர்ந்தால், "கொஞ்சம் தள்ளி விடும், நடந்து போவம்" என்பார்.

"பென்ஸ் எண்டு சொன்னா ஆக்கள் எட்டிப் பாப்பினம். பாத்தா நாப்பது வருசத்துச் சாமான். என்ன மரியாதை?"

"நாப்பது வருசமா ஓடுறதுதான் மரியாதை" என்று பாலாம்பிகை சொல்லுவாள். ஆனால் அந்த மாரியில் அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். மில்லியன் முடிந்தால் காரை விற்பது. அவளுக்கு அறுபத்தொரு வயது. பனிக்குள் அதைச் சுரண்டித் துடைத்துக் கொண்டிருப்பதைப் பார்க்க மகள் சிவாஜினிக்கும் பொறுக்கவில்லை.

ஈஸ்டர் விடுமுறையில் விமலநாதனின் தமக்கை மகன் கஜீவனுக்கு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கலியாணம். சிவாஜினி வரைபடத்தை வைத்துப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டா கோன்வோல் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில மாறும். நான் முன்சீற்றில இருந்து வீடியோ எடுக்கிறன். நீங்கள் மெதுவா ஓட்டுங்கோ."

அது 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். புதன்கிழமை காலையில் உறைமழை தொடங்கியது. விழுந்த துளி எல்லாம் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகியது. மத்தியானம், அவர்கள் இருந்த ரொக்ஸ்பரோ முழுவதும் மின்சாரம் போய்விட்டது. தெருவில் மரங்கள் ஒவ்வொன்றாக முறியும் சத்தம் வெடிகொளுத்துவது போலக் கேட்டது. பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தின் பெரிய கொப்பு ஒன்று இவர்களுடைய கராஜ் கதவின் முன்னால் குறுக்காக விழுந்து கிடந்தது. ஜப்பான் வண்டி உள்ளே அகப்பட்டுக்கொண்டது.

அப்போதுதான் பாலாம்பிகையின் வேலையிடத்தில் இருந்து தொலைபேசி வந்தது. மடாம் லெடுக் என்ற எண்பத்தாறு வயது மனுசி, தனியே இருப்பவர். மின்சாரம் இல்லாமல் ஒட்சிசன் மெஷின் நின்றுவிட்டது. கையில் இருக்கிற சிறிய சிலிண்டர் மூன்று மணித்தியாலம்தான் தாங்கும். அம்புலன்சுகள் எல்லாம் வேறு அழைப்புகளில். வடக்கே ஐம்பது கிலோமீற்றர் தள்ளிச் சென் ஜெரோமில் இருக்கும் அவருடைய மகள் வீட்டில் மின்சாரம் இருக்கிறது. ஆனால் அந்த மகளுக்குக் கார் ஓடத் தெரியாது. யாராவது கொண்டுபோய் விட முடியுமா?

பாலாம்பிகை சப்பாத்தைக் கொழுவத் தொடங்கினாள்.

"இந்த மழைக்குள்ள எங்க போறீர்?" என்றார் விமலநாதன்.

"மடாம் லெடுக்கை மகளிட்டக் கொண்டுபோய் விடவேணும்."

"என்னத்தில?"

"என்ர கார் வெளியிலதானே நிக்குது."

விமலநாதன் யன்னலால் பார்த்தார். கார் ஒரு விரற்கடைத் தடிப்பு ஐசுக்குள் கிடந்தது. அவர் தன் கோட்டை எடுத்தார்.

"றோட்டில கிடக்கிற கொப்புகளை ஆர் இழுத்துவிடுறது? நானும் வாறன்."

இருவருமாகக் கதவைத் தட்டித் தட்டித் திறந்தார்கள். பாலாம்பிகை திறப்பை முதல் நிலைக்குத் திருப்பினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. டீசல் எஞ்சின் சூடாகும்வரை பொறுக்க வேண்டும். அந்த விளக்கு அணையும்வரை அவள் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. அணைந்தது. திறப்பை முழுக்கத் திருப்பினாள். கட கட கடவென்று உடம்பை ஒருதரம் உலுப்பிவிட்டு எஞ்சின் நிதானத்துக்கு வந்தது. பின்பெட்டியில் மாரி முழுதும் அவள் வைத்திருக்கும் இரண்டு மண்மூட்டைகள் இருந்தன, பின்சில்லுகள் வழுக்காமல் இருக்க. பனிச் சில்லுகளையும் இன்னும் கழற்றியிருக்கவில்லை.

மடாம் லெடுக்கின் வீட்டுக்கு நான்கு கிலோமீற்றர். போய்ச்சேர நாற்பது நிமிடம். மூன்று இடங்களில் விமலநாதன் இறங்கிக் கொப்பு இழுத்தார். ஒட்சிசன் மெஷினைப் பின்பெட்டியில் ஏற்றி, மடாமைக் கம்பளியால் சுற்றிப் பின்சீற்றில் இருத்தினார்கள். கதவைச் சாத்தியபோது 'தொப்' என்று ஒரே ஒரு சத்தம். வெளியே மரம் முறிகிற ஓசை அதோடு உள்ளே கேட்காமல் போயிற்று.

பெருந்தெருவுக்கு ஏறியும் மடாம் லெடுக்கின் நடுக்கம் நிற்கவில்லை. பயத்தில் வேகவேகமாக மூச்செடுத்தார். அப்படி எடுத்தால் சிலிண்டர் இன்னும் கெதியாக முடியும் என்பது பாலாம்பிகைக்குத் தெரியும். வண்டி நின்றுவிடாதா, இவ்வளவு பழசு, என்று மடாம் பிரெஞ்சில் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"மடாம், இந்தக் காருக்குப் பேர் வந்த கதையைச் சொல்லட்டுமா?" என்று பாலாம்பிகையும் பிரெஞ்சிலேயே கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் சொல்லத் தொடங்கினாள்.

நூற்று முப்பத்தைந்து வருடங்களுக்கு முந்தி ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்று ஒருவர் மூன்று சில்லு வைத்த ஒரு வண்டியைச் செய்து வைத்திருந்தார். குதிரை இல்லாமல் ஓடும் வண்டி. ஆனால் ஒருவரும் வாங்கவில்லை. அவருடைய மனைவி பெர்த்தா ஒருநாள் விடிய எழும்பி, புருசனுக்குச் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டியில் தாய் வீட்டுக்கு வெளிக்கிட்டார். நூறு கிலோமீற்றருக்கு மேல். அதுவரை அவ்வளவு தூரம் ஒருவரும் அப்படி ஒரு வண்டியில் போனதில்லை. வழியில் எண்ணெய் முடிந்துபோக, ஒரு மருந்துக் கடையில் புகுந்து, கறை நீக்குகிற திரவத்தை வாங்கி ஊற்றினார். எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்தித் துப்புரவாக்கினார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் போய்த் தோல் அடிக்கச் சொன்னார். பின்னேரம் தாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து புருசனுக்குத் தந்தி அடித்தார்.

"அதுக்குப் பிறகுதான் சனம் நம்பினது, மடாம். செய்தது அவர். ஓடும் எண்டு காட்டினது அவ."

மடாம் லெடுக் இப்போது முன்னுக்குச் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு இறங்கியிருந்தது.

முன்சீற்றில் இருந்த விமலநாதன் மெதுவாகத் தமிழில் கேட்டார்: "உது மெய்யோ?"

"மெய்தான். ஏலியின்ர கராஜில பெரிய படம் தொங்குது. நீங்கள் ஒருநாளும் அங்க வரேல்லை." ஏலி மொன்ட்ரியால் நோரில் கராஜ் வைத்திருக்கும் லெபனான்காரர். ஒவ்வொரு இலையுதிர் காலமும், தெருவில் பனிக்குப் போடும் உப்பு இரும்பைத் தின்னாமல் இருக்க, காரின் அடிவயிற்றுக்கு எண்ணெய் விசிறுகிறவர். பெய்ரூத்தில் அவருடைய தகப்பன் இதே பென்ஸில்தான் டாக்சி ஓட்டினாராம்.

"அந்தக் கார்ல் பென்ஸ் வண்டி செய்யக் காசுக்கு எங்க போனவர்?"

"பெர்த்தாவின்ர சீதனம்."

விமலநாதன் திரும்பி அவளைப் பார்த்தார். "சீதனமோ? சீதனக் காசிலயோ பென்ஸ் வந்தது?"

"ஓம். கலியாணத்துக்கு முதலே வாங்கிப்போட்டார்."

விமலநாதன் சிரித்த சிரிப்பில் கண்ணாடியில் மூச்சு புகாராய்ப் படிந்தது. என்ன விசயம் என்று மடாம் கேட்க, முப்பது வருடம் தொழிற்சாலையில் பழகிய தன் உடைந்த பிரெஞ்சில் அவரே விளங்கப்படுத்தினார். எங்களுடைய ஊரில் மாப்பிள்ளைமார் சீதனம் வாங்கி வீடு கட்டுவார்கள், இந்த மனுசன் கார் கட்டியிருக்கிறான் என்றார். மடாமும் சிரித்து இருமினார்.

"அப்ப மெர்சிடிஸ் ஆர்?"

"அது ஒரு சின்னப் பெட்டை. டைம்லர் எண்ட மற்றக் கொம்பனியின்ர காரை வித்த ஒருத்தர், தன்ர மகளின்ர பேரை அதுக்கு வைச்சவர். பேந்து ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு இரண்டு கொம்பனியும் சேர்ந்தது. அந்த நட்சத்திரத்தில மூண்டு முனை இருக்கெல்லே, தரை, தண்ணி, ஆகாயம். மூண்டிலயும் எங்கட எஞ்சின் ஓடும் எண்டு."

'எங்கட' என்று அவள் சொன்னதை விமலநாதன் கவனித்தார். காரின் முன்னால், பொனற்றின் மேல் நின்ற நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மேலும் ஐஸ் மூடியிருந்தது. மழை இருட்டில், தெருவிளக்கு இல்லாத பெருந்தெருவில் அதைப் பிடித்துக்கொண்டு போவது போலக் கார் போனது.

"நாங்கள் யாழ்ப்பாணத்தில, பெற்றோல் வராத பொருளாதாரத் தடை நேரம், மண்ணெண்ணெயில கார் ஓட்டினம்" என்றார் பிறகு. "அந்த மனுசி மருந்துக் கடை எண்ணெயில ஓடியிருக்கிறா. பரவாயில்லை."

சென் ஜெரோமில் மகள் வாசலில் காத்து நின்றார். மெஷினைச் செருகி, பச்சை விளக்கு எரிவதைப் பார்த்த பிறகே பாலாம்பிகை நாற்காலியில் இருந்தாள். சிலிண்டரில் இன்னும் அரை மணித்தியாலத்துக்கு இருந்தது. மடாம் லெடுக் நன்றியோடு விமலநாதனின் கையைப் பிடித்து, "மெர்சி, முசியே. உங்கள் மனைவி இருக்கிறாளே..." என்று தொடங்கி, முடிக்காமல் தலையை ஆட்டினார்.

வியாழக்கிழமையும் மின்சாரம் வரவில்லை. பாலாம்பிகை தன்னுடைய மற்ற முதியவர்களைப் பார்க்க வெளிக்கிட்டாள். விமலநாதன் கேட்காமலே வந்து ஏறினார். வெளியே வைத்த காஸ் அடுப்பில் கஞ்சி காய்ச்சி இரண்டு பெரிய பிளாஸ்கில் ஊற்றி வந்திருந்தார். ஒரு வீட்டில் நின்றுபோன குளிர்ப்பெட்டியில் இருந்த இன்சுலினை எடுத்துக் குளிரான இடத்தில் வைத்தார்கள். இன்னொரு வீட்டில் ஒரு கிழவர் இரண்டு நாளாகச் சப்பாத்தோடேயே படுத்திருந்தார்; பாலாம்பிகை வெந்நீரில் துணி நனைத்து அவருடைய காலைத் துடைத்துக் காலுறை போட்டுவிடும்வரை விமலநாதன் கஞ்சிக் கோப்பையோடு கதவடியில் நின்றார். கலியாணம் முடித்து முப்பத்தாறு வருடம். அவள் வேலை செய்வதை அவர் அன்றுதான் பார்த்தார்.

பின்னேரம் வீட்டு வாசலில் கார் நின்றதும் விமலநாதன் தற்செயலாக மீற்றரைப் பார்த்தார்.

"இஞ்ச பாரும்! ஐயோ, இதைப் பாரும்!"

ஒன்பதுகள் எல்லாம் உருண்டுபோய், ஐந்து பூச்சியமும் ஓர் ஏழும் நின்றன.

"மாறிப்போச்சு" என்றாள் பாலாம்பிகை.

"எப்ப? எங்க? நீர் பாக்கேல்லையோ?"

"நான் றோட்டைப் பாத்தனான். எங்கையோ குவாங் வீதியிலயாக்கும், மருந்து எடுக்கப் போன நேரம்."

"ஒரு மில்லியன் கிலோமீற்றர்! ஒருத்தரும் பாக்கேல்லை!" அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. பாலாம்பிகைக்கோ சிரிப்பு வந்தது. எஞ்சினை நிறுத்தி, ஸ்டியறிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நெடுநேரம் சிரித்தாள். தான் ஓட்டியது தனக்குத் தெரியும் என்பதில் அவளுக்கு ஒரு பெரிய நிறைவு இருந்தது. படம் எடுத்திருந்தால் அது கூடியிருக்காது.

அன்றைக்கே சிவாஜினி தன் வீட்டில் இருந்து தொலைபேசியில் கேட்டாள்: "அப்பா, அப்ப விளம்பரம் போடட்டோ?"

"என்ன விளம்பரம்?"

"கார் விக்க."

"ஆர் விக்கிறது? விசர்க்கதை கதையாத. நீ முதலில அந்தக் கொம்பனிக்கு எழுது. மில்லியனுக்கும் ஒரு சின்னம் குடுப்பாங்களாம்."

வெள்ளிக்கிழமை மூவரும் ரொறன்ரோவுக்குப் போனார்கள், பென்ஸில். ஸ்காபரோ மண்டபத்தின் முன்வாசலில் வெள்ளை, கறுப்பு என்று புத்தம் புது வண்டிகள் பளபளத்தன. "நேரா முன்னுக்குக் கொண்டுபோம்" என்றார் விமலநாதன். தாலி கட்டிச் சாப்பாடு முடிந்ததும் அவரைக் காணவில்லை. தேடிப் போன பாலாம்பிகை, வேட்டி கட்டிய ஏழெட்டு ஆம்பிளைகள் தன் காரைச் சுற்றி நிற்பதைக் கண்டாள். பொனற் திறந்திருந்தது.

"முதல் முதல் நெடுந்தூரம் ஓட்டினது ஆரெண்டு தெரியுமோ உங்களுக்கு? ஒரு பொம்பிளை!" என்று விமலநாதனின் குரல் கேட்டது. "அவவை விடுங்கோ. இந்தக் காரை எட்டு லட்சம் ஓட்டினது என்ர மனுசி. புயலுக்குள்ள ஒரு உயிரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவ. நான் பக்கத்தில இருந்தனான்."

யாரோ கை தட்டினார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் நேராக அவர்களை நோக்கி நடந்தாள்.

திங்கட்கிழமை காலை திரும்பும்போது, வழியில் கிங்ஸ்ரனில் தேநீர் குடித்துவிட்டு வந்த விமலநாதன் சாரதிப் பக்கக் கதவடியில் நின்று கையை நீட்டினார்.

"திறப்பைத் தாரும். கொஞ்சத் தூரம் நான் ஓட்டிப் பாக்கிறன்."

"மஞ்சள் லைற் அணையும்வரைக்கும் பொறுக்கவேணும்" என்றாள் பாலாம்பிகை.

"ஓம், தெரியும்."

அவர் பொறுத்தார். எஞ்சின் பிடித்தது. 401இல் ஏறி, நாலாவது கியருக்கு அது தானாகவே மாறிக்கொண்டபோது, "அட, இது என்ன, மிதக்குதே" என்று தனக்குள் சொன்னார். பின்சீற்றில் சிவாஜினி தன் கைத்தொலைபேசியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

பக்கத்தில் பாலாம்பிகை சீற்றைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, நல்ல நித்திரையில் இருந்தாள்.