வெறுப்புக்கு விளக்கம் எழுதியவள்

"மத வெறுப்புக்கு எதிரா ஒரு சட்டம் எழுதிக் கொடும்மா. ஓட்டை மட்டும் இருக்கக் கூடாது" என்றார் செயலாளர். சட்டத்துறை வரைவாளர் ஒரே மூச்சில் எழுதிவிட்டாள்: பிற மதத்தைக் கேலி செய்தால் மூன்றாண்டு சிறை.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் கேரம் பலகை. ஒரு பக்கம் அப்பா, எதிரே அவள் மாமா என்று கூப்பிடும் தெருமுனை சலூன்காரர். மதம் வேறு, வாய் மட்டும் இருவருக்கும் ஒன்று.

"சிவப்புக் காய் விழணும்னு வேண்டிக்கிட்டியா? உங்க சாமிக்குக் காது மந்தம்டா" என்றார் அப்பா.

"உங்க சாமிக்குக் காதே கிடையாது. இருந்திருந்தா நீ பாடுறதுக்கு எப்பவோ ஓடிப் போயிருப்பாரு" என்றார் சலூன்காரர்.

பலகை அதிரச் சிரித்தார்கள். அவள் சட்டப்படி இரண்டு பேரும் கம்பி எண்ண வேண்டும்!

'வெறுக்கும் நோக்கத்தோடு' என்று சேர்த்தாள். அந்த வாரமே தெருவில் ஒரு கூட்டம். பேச்சாளர் வாயில் தேன் ஒழுகியது. "அவங்களும் நம்ம சகோதரர்கள்தான். யாரையும் வெறுக்காதீங்க. கழுத்துல கத்தி வைக்கிற வேலையை மட்டும் நம்ம ஆளுகிட்டக் கொடுங்க."

ஒரு கடுஞ்சொல் இல்லை. மறுநாள் சலூனில் மாமா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வழுக்கையில எதைடா வெட்டுறது?"

"காதோரம் நாலு இருக்குல்ல? மெதுவா வெட்டு. போறவன் வர்றவன் எல்லாம் பார்க்கட்டும்."

'ஒதுக்கி வைக்கத் தூண்டுவதும் குற்றம்' என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டி, தெருக்கூட்டத்தில் கேட்ட பேச்சையும் சொன்னாள்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "எப்படிம்மா நிரூபிப்பே? ஜாக்கிரதையா சவரம் பண்ணிக்கச் சொன்னேன்னுவாரு அந்த ஆளு."

"கடை காலியாயிருச்சே சார்?"

"மழைன்னுவாரு. எதுக்கும் நிபுணர் குழு போட்டாச்சு. தலைவரே அந்தப் பேச்சாளர்தான். இதுவரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை பேசினதில்லையாம்."

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்ததும் ஒரு யோசனையும் வந்தது. சட்டத்தில் பிரிவுக்குக் கீழே உதாரணம் சேர்ப்பது வழக்கம்தானே? அந்தப் பேச்சை, கழுத்தும் கத்தியுமாக, ஒரு எழுத்து மாற்றாமல் உதாரணமாகப் போட்டு அனுப்பிவிட்டாள்.

குழுவின் முதல் கூட்டத்தில் தலைவர் அதை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் தண்ணீர் கேட்டார். பிறகு கூட்டத்தைத் தள்ளி வைத்தார்.

சட்டம் இன்னும் வரவில்லை. சலூனுக்கு மட்டும் பழைய ஆட்கள் இரண்டு பேர், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, வந்து போயிருக்கிறார்கள்.