சோமையாவின் கன்னத்தில் கட்டே நோய்

ஆராய்ச்சி நிலையத்துத் தலைமை அதிகாரி சோமையாவின் இடது கன்னத்தில் ஏலச்செடிக்கு வரும் கட்டே நோய் வந்தது ஜூன் மாதம் இரண்டாம் திங்கட்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு. இளம்பச்சை வரிகள் காதுவரை ஓடின. இதைவிடப் பெரிதாக ஏதாவது வந்திருக்கலாம் என்பதுதான் குடகுத் தோட்டக்காரர்களின் வருத்தம்.

எல்லாம் பன்றிக்கறியால் வந்தது. மகள் கல்யாணத்தில் மிஞ்சிய பதினெட்டுக் கிலோவுக்கு வீட்டு ஃப்ரிட்ஜில் இடமில்லை என்று, நிலையத்தின் மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டியில் கொண்டுவந்து அடைத்தார் மகானுபாவர். நாற்றுப் பண்ணையிலிருந்து சோதனைக்கு வந்து அதில் உறைந்திருந்த இலைப் பைகளை எடுத்து மேசைமேல் குவித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்; இலைகள் உருகிக் குழைந்தபின் மறுபடி திணித்தார். கறி தீரும்வரை தினமும் இதே கூத்து. உருகி உருகி உறைந்த இலையில் கிருமி சிதைந்துவிடும், சோதனையில் அகப்படாது என்பது அங்கே தரை பெருக்குகிறவருக்கும் தெரியும்.

சோதனை செய்பவள் தேச்சம்மா. அந்தப் பண்ணை நாற்றுக்காகவே அவள் அப்பா மூன்று ஏக்கரில் குழி வெட்டி வைத்திருந்தார்; நோய் நாற்று என்றால் தோட்டமே போச்சு. நோய் இருந்தால் மஞ்சளாக வேண்டிய சோதனைத் தட்டு வெறும் தண்ணீர்போல வெளுத்துக் கிடந்தது.

“பாத்தியா, ஒண்ணுலயும் நோயில்ல,” என்றார் சோமையா.

“சார், ஒப்புப் பாக்க நாமளே அதே பெட்டில வச்ச நோய் எலைகூட நோயில்லன்னுதான் காட்டுது. பொணத்துக்கிட்ட சாட்சி கேக்கறோம்.”

“பெரிய மேதாவி! தள்ளும்மா.”

நாற்றுக்குச் சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடுமுன் கன்னத்தில் வரி விழுந்தது. இலையில் வாழ வழியில்லாத கிருமி பின்னே எங்கே போகும்?

தேச்சம்மா அலறவில்லை. அவர் காதோரம் உரிந்த பச்சைத் தோலைக் கத்தரித்து அரைத்துத் தட்டில் விட்டாள், பளிச்சென்று மஞ்சளானது. அதையே ஒப்பாக வைத்து, பண்ணையிலிருந்து ஐஸ் பெட்டியில் புது இலை கொண்டுவந்து சோதித்தாள். பாதி நாற்று மஞ்சள். சான்றிதழைக் கிழித்தார்கள், நாற்றுகளைப் பிடுங்கி எரித்தார்கள். அப்பாவின் குழிகளில் அந்த மழைக்காலம் முழுக்கத் தவளை கத்தியது. அவர் மகளைத் திட்டித் தீர்த்தார். மறுவருஷம் நல்ல நாற்று நட்டார்.

சோமையாவுக்கு வேலை போகவில்லை. முப்பது வருஷ உத்தியோகத்தில் முதல்முறையாக அவரால் ஓர் உபயோகம் இருந்ததே! பெட்டிச் சாவி தேச்சம்மாவிடம் போனது. திங்கட்கிழமைதோறும் அவர் வந்து கன்னத்தை நீட்டுவார், அவள் சோதனைக்குக் கொஞ்சம் கத்தரித்துக்கொள்வாள். வாசலில் சற்று நின்றால் போதும், உள்ளேயிருந்து அவள் குரல் வரும்:

“சார், வெயில்ல நிக்காதீங்க. கெட்டுப்போயிடுவீங்க.”